வாடகை வீட்டில் அழகு

கண்டி மாநகரில் வாடகைக்கு வீடு தேடிச் செல்வோருக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு வீட்டின் பகுதியேயாகும். மலைச்சரிவிலே கட்டப்பட்ட இல்லமொன்றின் கீழ்த்தளம். அல்லது மாடியில் இரண்டு அறைகளும் ஒரு சிறு சமையற்கூடமும். யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ இடமாற்றம் பெற்று வரும் ஆசிரியர், வைத்தியசாலையிற் பணிபுரியும் தாதியர், பேராதனைப் பல்கலைக்கழகத்திற் கற்க வரும் மாணவர், தோட்டத்தை விட்டு நகரில் தொழில் தேடி வந்த இளங்குடும்பத்தினர் ஆகிய பலரும் இத்தகைய பகுதிகளிலேயே வாழ்கின்றனர். முற்பணத்தைக் கொடுத்துத் திறப்பைப் பெற்றுக்கொண்ட அன்றே அவர்கள் உள்ளத்தில் ஓர் எண்ணம் குடிபுகுந்து விடுகிறது. ‘இது நம்முடைய வீடன்றே, இரண்டொரு ஆண்டில் விட்டுப் போகத்தானே போகிறோம், இதனை அழகுபடுத்தி ஆவதென்ன?’ என்பதே அவ்வெண்ணம்.

இவ்வெண்ணத்தின் விளைவு பெரிது. பெட்டிகள் அவிழ்க்கப்படாமலே மூலையில் அடுக்கப்படுகின்றன. வெறுஞ்சுவருக்கு நடுவே ஒரு பிளாத்திக்குக் கதிரையும் ஒரு கட்டிலும் இடம்பெறுகின்றன. இரண்டு ஆண்டு என்று எண்ணியது பத்து ஆண்டாக நீள்கிறது. குழந்தைகள் அங்கேயே பிறந்து, அங்கேயே வளர்ந்து, தங்கள் இளமைக்கால நினைவு முழுவதையும் அந்த இரண்டு அறைகளிலிருந்தே பெறுகின்றனர். வீடு பிறருடையதாயிருக்கலாம், ஆனால் அங்கே கழியும் நாட்கள் குடியிருப்போருடையவை அல்லவா? ஆகவே குறைந்த செலவில், பிறர் சுவருக்குப் பழுது நேராவண்ணம், வாடகை வீட்டை எங்ஙனம் அழகுசெய்யலாம் என்பது ஆராயத்தக்க பொருளேயாம்.

இதற்கு விடைகாணக் கண்டியைவிடப் பொருத்தமான ஊர் இலங்கையிற் சிலவே. 1815ஆம் ஆண்டில் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமாகும் வரை, அரசனுக்குப் பணிசெய்த கைவினைஞர்கள் நான்கு பட்டறைகளாக வகுக்கப்பட்டிருந்தனர். ஆட்சி மறைந்ததும் ஆதரவும் குறைந்தது. அருகிவந்த அக்கலைகளைப் பேணும் நோக்குடன் 1882ஆம் ஆண்டில் கண்டிக் கலைச்சங்கம் நிறுவப்பட்டது. அதன்பின் இக்கலைகளைப் பற்றி உலகறிய எழுதியவர் ஒரு தமிழர். 1877இல் கொழும்பிற் பிறந்த கலாயோகி ஆனந்த குமாரசுவாமி, இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுப் பணியில் ஈடுபட்டு ஊரூராகச் சென்றபோது, தச்சர், கன்னார், நெசவாளர், குயவர் ஆகியோரின் வேலைப்பாட்டைக் கண்டு வியந்தார். 1905இல் கண்டிப் பிரதானிகளுக்கு ஒரு திறந்த மடல் எழுதி, பழைய கட்டடங்களைப் பேணுமாறு வேண்டினார். 1908இல் மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலை இங்கிலாந்திலே கையச்சுப் பொறியில் அச்சிட்டு வெளியிட்டார். பாயும் பானையும் சீப்பும் பாக்குவெட்டியுங்கூட அந்நூலிலே சிற்பத்தோடும் ஓவியத்தோடும் ஒருங்கே வைத்து ஆராயப்பட்டுள்ளன. நாள்தோறும் கையாளும் பொருளில் அழகில்லாவிடின், கூடத்தில் மாட்டிய படம் அக்குறையை நிறைவு செய்யாது என்பது அவர் எழுத்திலிருந்து நாம் பெறும் கருத்தாகும்.

இக்கருத்தைப் புதிய வீடுகளிலே செயற்படுத்திக் காட்டியவர் கண்டியிற் பிறந்த கட்டடக்கலைஞர் மினெற் டி சில்வா. 1918இற் பிறந்த அவர், 1948இல் பிரித்தானிய அரச கட்டடக்கலைஞர் நிறுவகத்தில் இணையுறுப்புரிமை பெற்றார். அவ்வுரிமையைப் பெற்ற முதல் ஆசியப் பெண் அவரே. அவர் அமைத்த முதல் வீடு, கண்டியின் மலைச்சரிவொன்றில் 1951ஆம் ஆண்டளவில் நிறைவுற்ற கருணாரத்தின இல்லமாகும். சீமெந்தும் கண்ணாடியும் கொண்ட அப்புத்தில்லத்தின் கதவுகளில் தும்பறைப் பாயைப் பதித்தார். மாடிப்படியின் கைபிடிக் கம்பங்களை அரக்கு வேலைப்பாட்டால் ஒளிபெறச் செய்தார். உள்ளூர்க் குயவர் வனைந்த மண் ஓடுகளைப் பயன்படுத்தினார். கண்டியைச் சேர்ந்த ஓவியர் ஜோர்ஜ் கீற்றின் சுவரோவியமும் அங்கே இடம்பெற்றது. பின்னர் 1950களில் வட்டபுலுவ வீடமைப்புத் திட்டத்தை மேற்கொண்டபோது, குடியேறவிருந்த அரச ஊழியரிடம் வினாக்கொத்துக் கொடுத்து, அவர்தம் வாழ்க்கை முறையையும் வருமானத்தையும் அறிந்துகொண்டே வீடுகளைத் திட்டமிட்டார்.

வாடகைக் குடியிருப்பாளர் கதவைப் பெயர்க்க முடியாது. படிக்கட்டை மாற்றவும் இயலாது. ஆயினும் மினெற் டி சில்வா கையாண்ட முறை அவர்களுக்கும் உதவும். அவர் தம் வாடிக்கையாளரிடம் கேட்டதைக் குடும்பத்தினர் தமக்குள்ளே கேட்டுக்கொள்ளலாம். காலையில் எங்கே அமர்கிறோம்? குழந்தை எங்கே படிக்கிறது? விருந்தினர் எத்தனை பேர் வருவர்? இவற்றுக்கு விடை கண்டபின் பொருள் தேடினால் பணம் வீணாகாது. வாங்கும் ஒவ்வொரு பொருளும் கழற்றி எடுத்துச் செல்லக்கூடியதாய் இருத்தல் வேண்டும். கூடியமட்டும் அது ஏதேனுமொரு பயனுடையதாயும் இருத்தல் நன்று.

முதலிற் சுவரைப் பார்ப்போம். வீட்டுக்காரர் ஆணியடிக்க இசையாவிடின், சுவரிலே சாய்த்து வைப்பதும், ஏற்கெனவே உள்ள கொளுக்கியிலோ சாளரக் கம்பியிலோ தொங்கவிடுவதுமே வழி. தொங்கவிடுவதற்குத் தும்பறைப் பாயினும் சிறந்தது அரிது. குண்டசாலைப் பகுதியில் வழிவழியாக நெய்யப்படும் இது, நியந்த, ஹண ஆகிய செடிகளின் இலைநாரால் ஆனது. இலையைப் பலகையில் வைத்துச் சுரண்டி நாரெடுத்து, கழுவி உலர்த்தி, சாயமூட்டித் தறியில் நெய்வர். சிவப்புக்குப் பதிமுக மரத்தையும், மஞ்சளுக்கு மரமஞ்சளையும் பண்டு பயன்படுத்தினர். யானை, மான், மயில், பாம்பு முதலிய உருவங்கள் நேர்கோடுகளாலேயே அமைக்கப்படுவதை உற்று நோக்கிக் காணலாம். இக்கைவினை 2021ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் தொட்டுணர முடியாப் பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. ஆனால் பட்டியலிற் பெயர் இருப்பதனால் மட்டும் நெசவாளன் வீட்டில் உலை கொதிப்பதில்லை. வாங்குவோர் இருந்தாற்றான் தறி ஓடும். பெரிய பாய் வாங்க இயலாதவர் ஒரு சாண் அகலத் துண்டொன்றை வாங்கிச் சட்டமிட்டு வைக்கலாம்.

மாத்தளைக்கு அண்மையிலுள்ள ஹப்புவித என்னும் ஊரில் அரக்கு வேலை நடைபெறுகிறது. அரக்கை நெருப்பிற் காட்டி இளக்கி, நூல்போல் இழுத்து, பெருவிரல் நகத்தாலேயே மரத்தின்மேற் பதிக்கும் நுட்பம் அங்கே வழங்குவது. மாத்தளையை அடுத்த அலுவிகாரையில், பத்திக்குத் துணிக்குப் புத்துயிர் அளித்த ஈனா டி சில்வா, கிராமப் பெண்களுக்குத் தொழில் பயிற்றுவித்தார். அவர் 2015இல் மறைந்தார். மெழுகு படிந்த இடத்தில் சாயம் ஏறாது என்னும் எளிய உண்மையே பத்திக்கின் அடிப்படையாதலால், பழைய வெள்ளைத் துணியொன்றில் வீட்டிலேயே இதனைப் பழகிப் பார்க்கலாம். மெழுகை நேரே அடுப்பிலேற்றாது, கொதிநீர்ப் பாத்திரத்தினுள் வைத்து உருக்குதல் வேண்டும், இன்றேல் தீப்பற்றும்.

அடுத்து, பழைய தளபாடம். கண்டியிலும் சுற்றுப்புறங்களிலும் பழம்பொருட் கடைகள் பல உண்டு. வெளிநாட்டவருக்கென மெருகிட்டு வைத்த பொருளை விலைகேட்டு மனம் சோர வேண்டியதில்லை. கால் ஆடும் மேசை, பிரம்பு அறுந்த கதிரை, கண்ணாடி போன அலுமாரிக் கதவு ஆகியவை கடையின் பின்புறத்திலேயே கிடக்கும். வாங்குமுன் பார்க்க வேண்டியவை மூன்று. ஒன்று மரம்: பலாமரம் புதிதாயிருக்கையில் மஞ்சளாயும், நாட்பட நாட்பட ஆழ்ந்த கபில நிறமாயும் மாறும், முதிரை மரம் ஒளியில் பளபளக்கும். இரண்டு பொருத்து: நல்ல பழைய வேலையில் ஆணியினும் கழுந்தும் துளையுமே மிகுதி, கால் ஆடினால் பசையிட்டு இறுக்கினாற் போதும். மூன்று பூச்சி: மரத்திலே ஊசிமுனையளவு துளைகளும் கீழே புதிதாக உதிர்ந்த தூளும் காணப்படின், அதனை வீட்டுக்குக் கொண்டுவருதல் ஆகாது. வீட்டிலுள்ள ஏனைய மரங்களுக்கும் அது பரவக்கூடும்.

வாங்கிய பொருளை மென்மையான சவர்க்கார நீரிற் பிழிந்த துணியால் துடைத்து, நிழலில் உலர்த்தி, மெல்லிய அரத்தாளால் மர ஓட்டத்தின் வழியே தேய்த்து, தேன்மெழுகு பூசினால் பழைய மரத்தின் நிறம் மீளும். ஒரு முன்னெச்சரிக்கை மிக இன்றியமையாதது. பழைய வர்ணப்பூச்சில் ஈயம் கலந்திருக்கலாம். அதனை உலரத் தேய்த்தால் எழும் தூள் குழந்தைகளின் மூளை வளர்ச்சிக்கே கேடு செய்யும். ஆதலால் வர்ணம் பூசிய பழம்பொருளைச் சிறுவர் உள்ள வீட்டில் சுரண்டாதிருத்தலே நலம். அவ்வாறே, பழைய பித்தளைப் பாத்திரத்தைப் பழப்புளியிட்டுத் துலக்கிப் பூச்சாடியாகவோ குடைதாங்கியாகவோ வைக்கலாம். உள்ளே ஈயம் பூசப்படாத பாத்திரத்திற் புளிப்பான உணவை வைத்தல் தகாது. அங்கே சொன்ன ஈயம் காரீயம்; இங்கே பூசப்படுவது வெள்ளீயம். இரண்டையும் ஒன்றென மயங்கலாகாது.

மலைநாட்டு இல்லங்கள் முன்னாளில் நன்கறிந்த ஒரு பொருள் தேயிலைப் பெட்டி. மெல்லிய ஒட்டுப்பலகையால் ஆன அப்பெட்டியைக் கவிழ்த்து மேசையாகவும், நிறுத்திப் புத்தக அடுக்காகவும், துணிபோர்த்து இருக்கையாகவும் தோட்டத்து இல்லங்களிற் பயன்படுத்தினர். இன்று தேயிலை பெரும்பாலும் காகித மூட்டைகளிலே அனுப்பப்படுவதால் பெட்டி கிடைப்பது அருமை. அதன் இடத்தைப் பழப்பெட்டியின் பலகைகள் நிரப்பலாம். நைந்துபோன பருத்திச் சேலை இரண்டு திரைச்சீலைகளுக்குப் போதும். அதன் கரையைத் தனியே வெட்டி மேசைவிரிப்பின் ஓரத்திலே தைக்கலாம். ஊரிலிருந்து வரும் பனையோலைக் கடகமும் மூடற்பெட்டியும் அடுக்களைக்குள் மறைந்து கிடக்க வேண்டியவை அல்ல. கூடத்தின் மூலையில் வெங்காயமோ நூற்பந்தோ தாங்கி நிற்கும் கடகம், அரக்குச் செப்புக்கு அழகில் எவ்வகையிலும் குறைந்ததன்று.

கண்டியின் தட்பவெப்பத்தையும் மறத்தலாகாது. கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில், மலைகள் சூழ அமைந்த இவ்வூரில் மழைக்காலத்தில் சுவர் கசியும். துணியிலும் தோலிலும் பூஞ்சணம் படரும். எனவே அலுமாரியைச் சுவரோடு ஒட்டி வைக்காது நான்கு விரல் இடைவெளி விடுக. மெத்தை தைத்த இருக்கையினும் பிரம்புப் பின்னலே இங்கு ஏற்றது. காற்று ஊடுருவிச் செல்லும். சாளரத்துக்கு எதிரே பழைய முகக்கண்ணாடியொன்றைச் சாய்த்து வைத்தால், வெளியே தெரியும் வானமும் மரமும் அறைக்குள் வந்துவிடும். சிற்றறையைப் பெரிதாக்கிக் காட்ட இதனிலும் மலிவான வழி இல்லை.

பழம்பொருளைப் பற்றிப் பேசுகையில் இன்னுமொன்றும் சிந்திக்கற்பாலது. எல்லாக் குடும்பத்துக்கும் பாட்டன் காலத்துப் பொருள் எஞ்சியிருப்பதில்லை. 1983 யூலையில் வீட்டையும் வீட்டிலிருந்த அனைத்தையும் ஒரே நாளில் இழந்தோர் பலர். போர்க்காலத்தில் இடம்பெயர்ந்து, கையில் எடுத்த பையோடு வந்தோர் பலர். அத்தகையோர் இல்லத்தில் ஒரு செம்போ, ஒரு விளக்கோ, மூலை கிழிந்த ஒரு புகைப்படமோ எஞ்சியிருப்பின், அதனைப் பெட்டிக்குள் பூட்டிவைத்தல் பெரும்பாலோர் வழக்கம். மீண்டும் இழந்துவிடுவோமோ என்னும் அச்சமே அதற்குக் காரணம். அதனை வெளியே எடுத்து, அறையில் முதலிற் கண்படும் இடத்தில் வைத்தால், குழந்தை அது எவருடையது என்று கேட்கும், பெரியோர் சொல்லுவர். கடையில் வாங்கிய பழம்பொருளுக்கும் இவ்வாறே முன்னொரு வீடு இருந்திருக்கும். ஆதலின் கோயிலுக்கோ விகாரைக்கோ உரியதென ஐயுறத்தக்க சிலையையும் சிற்பத் துண்டையும் எவ்வளவு மலிவாயினும் வாங்குதல் தகாது. அனுமதிப்பத்திரமின்றித் தொல்பொருளை நாட்டுக்கு வெளியே கொண்டுசெல்வது 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டப்படி குற்றமாம். வெளிநாட்டிலுள்ள உறவினருக்குப் பரிசளிக்க எண்ணுவோர் இதனை நினைவிற் கொள்க.

வீட்டை ஒரே நாளில் நிரப்ப முயல வேண்டா. முதல் மாதம் ஒரு கதிரையைச் செப்பனிட்டால், அடுத்த மாதம் ஒரு திரைச்சீலை தைக்கலாம். இடமாற்றக் கடிதம் வரும் நாளில், கழற்றிச் சுருட்டிய தும்பறைப் பாயும், மடித்த திரைச்சீலையும், மெழுகிட்ட பலாக் கதிரையும் பாரவண்டியில் ஏறிக்கொள்ளும். பழுதில்லாச் சுவரை வீட்டுக்காரரிடம் ஒப்படைத்து விட்டுப் போகும் குடும்பம், அடுத்த ஊரில் வேறு இரண்டு அறைகளைத் திறக்கும்போது அவை அந்நியமாய்த் தோன்றா. கதிரையை இறக்கிச் சாளரத்தருகே போட்டதும் வீட்டின் முதற்பகுதி ஆயத்தமாகிவிடும்.