கிராஸ்ஃபிட்டா, ஹைராக்ஸா?

இரண்டிலும் வியர்வை கொட்டும், எடையும் தூக்க வேண்டும். ஆனால், கிராஸ்ஃபிட்டில் இன்று செய்த பயிற்சி நாளை வராது. ஹைராக்ஸில் எல்லாமே முன்கூட்டியே தெரியும். 2017இல் ஜெர்மனியில் தொடங்கிய இப்போட்டியில், 1 கிலோமீட்டர் ஓட்டம், பிறகு ஒரு பயிற்சி என 8 சுற்றுகள். பளுவண்டி தள்ளுவது, இழுப்பது, மணல் மூட்டை சுமப்பது எனப் போய், கடைசியில் கனமான பந்தைச் சுவரில் எறிய வேண்டும். சிங்கப்பூரிலும் ஹம்பர்க்கிலும் இதே வரிசைதான். அதனால் போன ஆண்டு எடுத்த நேரத்தோடு இந்த ஆண்டை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

நுணுக்கமான அசைவுகள் இல்லாததால் புதியவர்களுக்கு ஹைராக்ஸ் சுலபம் என்பார்கள். பாதி உண்மை. மொத்தம் 8 கிலோமீட்டர் ஓட்டம். பத்து வருடம் நாற்காலியில் உட்கார்ந்த முட்டிக்கு அது சின்ன விஷயமல்ல! கிராஸ்ஃபிட்டில் தலைக்கு மேல் பளு தூக்குவதும் கம்பியில் தொங்கி உடலை மேலே இழுப்பதும் உண்டு. பயிற்றுநர் சரியில்லை என்றால் தோள்பட்டை போய்விடும்.

ஓடிப் பழகாதவர்கள் முதல் சில மாதங்கள் பல்வகைப் பயிற்சியோடு மெதுவோட்டமும் பழகிவிட்டு, பிறகு போட்டிக்குப் பெயர் கொடுப்பதே நல்லது. இனிப்பு நீரோ இரத்தக் கொதிப்போ இருந்தால் முதலில் டாக்டரைப் பாருங்கள். தனியாக இறங்கத் தயங்குவோர் ஹைராக்ஸில் ஜோடியாகவும் கலந்துகொள்ளலாம். ஓட்டத்தை இருவரும் ஓட வேண்டும், பயிற்சிகளை மட்டும் பகிர்ந்துகொள்ளலாம்.