பெற்றோர் பெயரால் ஒரு பரிசு

ஈகையைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் கொடுப்பவரையே புகழ்வர். பெற்றுக்கொள்ளும் பிள்ளையின் மனத்திலே அப்பொருள் என்ன செய்கின்றது என்று எண்ணிப் பார்ப்போர் சிலரே. அங்ஙனம் எண்ணிய ஒருவரால் அமெரிக்க நாட்டிலே தோன்றிய நத்தார்த் திட்டம் ஒன்றைப் பற்றி இன்று சில கூறுவேன்.

மேரி கே பியர்ட் என்னும் பெண்மணி, கொள்ளைக் குற்றத்துக்காக அலபாமா மாநிலச் சிறையிலே ஆறு ஆண்டுகளைக் கழித்தவர். நத்தார்க் காலத்தில் அறப்பணியாளர் அங்கு வந்து, சவர்க்காரம், பற்பசை முதலிய சிறு பொருள்களை வழங்குவர். தாய்மாரோ அவற்றைத் தாம் பயன்படுத்தாது சேர்த்து வைத்து, தம்மைக் காண வரும் பிள்ளைகளுக்குப் பரிசாகக் கொடுத்தனர். பிள்ளைகளும் பெருமகிழ்ச்சியோடு பெற்றுக்கொண்டனர். சவர்க்காரக் கட்டியிலே பிள்ளை மகிழ்வதற்கு என்ன உண்டு? அது தாயின் கையிலிருந்து வந்தது என்பதே.

விடுதலை பெற்றபின் அவர் ‘பிறிசன் பெலோஷிப்’ என்னும் கிறிஸ்தவ நிறுவனத்திற் பணியாற்றினார். ஜனாதிபதி நிக்சனின் உதவியாளராயிருந்து, தாமும் சிறை சென்று மீண்ட சார்ல்ஸ் கொல்சன் 1976இல் நிறுவியது அது. 1982ஆம் ஆண்டு நத்தாரின்போது பியர்ட் அம்மையார் அலபாமாவின் கடைத்தொகுதிகளிலே நத்தார் மரங்களை நிறுத்தி, சிறைப்பட்டோரின் பிள்ளைகளது பெயர்களைச் சிவப்பும் பச்சையுமான காகிதத் தேவதூதர் உருவங்களில் எழுதித் தொங்கவிட்டார். கடைக்கு வந்தோர் அவற்றை எடுத்துப் பரிசுகள் வாங்கி உதவினர். அவ்வாண்டு 556 பிள்ளைகள் பயன் பெற்றனர். ‘தேவதூதர் மரம்’ எனப் பெயர்பெற்ற இத்திட்டத்தைப் பின்னர் நாடெங்கும் திருச்சபைகள் ஏற்று நடத்தலாயின.

சிறையிலிருக்கும் தந்தையோ தாயோ பிள்ளையின் பெயரைப் பதிவு செய்வர். தொண்டர்கள் பிள்ளையை வளர்ப்பவரோடு பேசி, அதற்கு வேண்டுவதை அறிந்து வாங்குவர். நற்செய்தி விளக்கமும் உடன் செல்லும். ஆயினும் பரிசு வழங்கப்படுவது பெற்றோர் பெயராலேயே. அவர் எழுதிய வாசகமும் அதனோடு சேரும்.

குற்றவாளிக்கு வேறொருவர் பணத்தால் நற்பெயர் தேடிக் கொடுப்பதா எனச் சிலர் வினவலாம். பரிசினால் தண்டனை ஒரு நாளும் குறைவதில்லை. குறைவது பிள்ளையின் துயரம். “உன் அப்பா எங்கே?” என்று உடன் படிப்போர் கேட்கையில் தலைகுனியும் பிள்ளை, தான் செய்யாத குற்றத்துக்குத் தண்டனை அனுபவிக்கின்றது. ஆசிரியராயிருப்போர் இதனை நன்கறிவர். அப்பிள்ளைக்கு விளையாட்டுப் பொருளினும் வேண்டுவது, தன்னைப் பெற்றவர் தன்னை மறக்கவில்லை என்னும் உறுதி.

தன் பெயரை மறைத்து, இன்னொருவர் அன்பைச் சுமந்து செல்லும் கொடை அரிது. அத்தகைய கொடையே பிள்ளையைத் தாழ்த்தாது காக்கும்.