பழைய பெட்டியைத் தூக்கி வரும் பையன்

“கம்பைல் ஆகிறது, ஓட மறுக்கிறது” என்று எழுதியிருக்கிறார் பொறியியல் படிக்கும் வாசகர் ஒருவர். அவருடைய லினக்ஸ் கணினியோடு வந்தது ஜிசிசி 9. புதிய வசதிகளுக்காக ஜிசிசி 11-ஐயும் தனி ஃபோல்டரில் நிறுவினார். ‘ஹலோ வேர்ல்டு’ ஓடியது. பிராஜெக்டை ஓட்டியதும் ‘ஜிஎல்ஐபிசிஎக்ஸ்எக்ஸ் 3.4.29 காணோம்’ என்று நின்றுவிட்டது. செயற்கை நுண்ணறிவைக் கேட்டாராம். எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி நிறுவச் சொன்னதாம். இதைச் சொல்ல அவ்வளவு மின்சாரம் எதற்கு?

இரண்டு கம்பைலர்களுக்குள் தகராறு ஏதும் இல்லை. தகராறு அவற்றோடு வரும் சி++ லைப்ரரியில். கம்பைல் செய்யும்போது அதைத் தேடுவது லிங்கர். ஓட்டும்போது தேடுவது லோடர். ஜிசிசி 11-இன் ஃபோல்டர் எங்கே என்று லிங்கருக்குத் தெரியும். லோடருக்கு யாரும் சொல்லவில்லை.

கல்யாண வீட்டுச் சமையற்காரர் அஞ்சறைப்பெட்டி கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எடுபிடிப் பையன் ஓடுகிறான். வீட்டில் பெட்டிகள் இரண்டு. இரண்டின் மேலும் ஒரே பெயர். கண்ணில் முதலில் பட்டதைத் தூக்கி வருகிறான், திறந்து பார்ப்பதில்லை. சமையற்காரர் திறக்கிறார். கசகசா இல்லை. இன்னொரு பெட்டி இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்கலாம் அல்லவா? கேட்க மாட்டார். அடுப்பை அணைத்துவிட்டுக் கிளம்பிவிடுவார். கல்யாணமே நின்றாலும் அவருக்குக் கவலையில்லை. லோடர் நடந்துகொள்வது அச்சு அசல் இப்படித்தான்.

ரசிக்க வேண்டியது பெட்டியின், அதாவது லைப்ரரியின், உள்ளமைப்பை. அறைகளுக்கெல்லாம் பதிப்புச் சீட்டு ஒட்டியிருக்கிறது. புதுப் பதிப்பு வரும்போது பழைய அறை எதையும் அகற்றுவதில்லை. புதிய அறைகளைச் சேர்த்து, அவற்றில் புதுச் சீட்டு ஒட்டுகிறார்கள். (அஞ்சறையில் ஆறாவது எப்படி வந்தது என்று கேட்காதீர்கள்.) எழுத்துகளைத் தசமப் புள்ளி கொண்ட எண்ணாக மாற்றும் ‘ஃப்ரம் சார்ஸ்’ ஜிசிசி 11-இல் வந்தது, அதன் சீட்டு 3.4.29. புரோகிராம் தான் பயன்படுத்தும் அறைகளின் சீட்டுகளை மட்டும் குறித்து வைத்துக்கொள்கிறது. ‘ஹலோ வேர்ல்டு’ பழைய அறைகளோடு திருப்தி அடைந்துவிடும். அதனால்தான் அது ஓடியது. புதிய லைப்ரரியைக் கொண்டு பழைய புரோகிராமை ஓட்டலாம் என்பதும் இதனால்தான். புதுச் சீட்டைத் தேடும் புரோகிராமைப் பழைய லைப்ரரியைக் கொண்டு ஓட்ட முடியாது. பழைய கோப்புக்குப் புதுப் பெயர் வைத்து ஏமாற்றவும் முடியாது, சீட்டு உள்ளே இருக்கிறது.

வரலாறும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். சீட்டு ஒட்டும் யோசனை 1990-களில் சன் நிறுவனத்தின் சோலாரிஸில் தொடங்கியது. 2001-இல் வந்த ஜிசிசி 3.0-இல் லைப்ரரிக் கோப்பின் பெயரிலிருந்த எண் 3. 2004-இல் 3.4 வருவதற்குள் அது 6 ஆகிவிட்டது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் எல்லாவற்றையும் மறுபடி கம்பைல் செய்து சலித்தார்கள். அன்றிலிருந்து எண் 6-தான், சீட்டுகள்தான் கூடுகின்றன.

சரி, வாசகர் என்ன செய்ய வேண்டும்? ‘எல்டிடி’ கட்டளை போட்டால் லோடர் எந்தக் கோப்பை எடுக்கிறது என்று முழுப் பாதையோடு தெரியும். அது பழையதாக இருந்தால், லிங்க் செய்யும்போதே ‘ஆர்பாத்’ கொடுத்துப் புதிய ஃபோல்டரின் பாதையைப் புரோகிராமுக்குள் எழுதிவிடலாம். ‘எல்டி லைப்ரரி பாத்’ மாறியை அமைத்தாலும் ஓடும். ஆனால் அந்த டெர்மினலிலிருந்து கிளம்பும் அத்தனை புரோகிராமும் அங்கே போய் மூக்கை நுழைக்கும். வேறு கணினிக்கு எடுத்துப் போவதானால், சி++ லைப்ரரியைப் புரோகிராமுக்குள்ளேயே சேர்த்துவிடுவது உத்தமம். கன்டெய்னர்தான் சர்வரோக நிவாரணி என்று சொல்பவர்கள், ஒரு கோப்புக்காக ஊரையே மூட்டை கட்டச் சொல்கிறார்கள்.

பைத்தானுக்குள் இந்தச் சிக்கல் வந்தால் ஆர்பாத் செல்லாது. ஏதோ ஒரு மாட்யூல் பழைய லைப்ரரியை முதலில் ஏற்றிவிட்டால், அதே பெயரில் இன்னொன்றை லோடர் ஏற்றாது; பின்னால் வருபவரும் அதையே வாங்கிக்கொள்ள வேண்டும். அங்கே பைத்தான் ஓடும் சூழலுக்குள் இருக்கும் லைப்ரரியையே புதுப்பித்தாக வேண்டும்.