குடாவும் கழியும்

கடல் நிலத்தினுள் புகும் இடங்களுக்குத் தமிழில் வழங்கும் சொற்கள் பலவாம். குடா, கழி, காயல், களப்பு, கழிமுகம், கயவாய், புகார், முகத்துவாரம் என்பன அவற்றுட் சில. ஆயினும் நிலநூற் பாடத்தின்போது மாணவர் நாவில் வருவன வளைகுடா, விரிகுடா ஆகிய இரண்டே. ஏனையவை இலக்கியச் சொற்கள் என ஒதுக்கப்படுகின்றன. இதனால் நேரும் இழப்புச் சொல்லளவில் நின்றுவிடுவதன்று. வேறுவேறான நீர்நிலைகள் மாணவன் கண்ணுக்கு ஒன்றாகவே தோன்றத் தொடங்குகின்றன.

முதற்கண் குடா என்னும் சொல்லை நோக்குதல் தகும். 'குட' என்னும் அடி வளைவுப் பொருளது. குடம், குடவு என்பனவும் அவ்வடியின. கரை உள்வாங்கி வளைந்த இடம் ஆகலின் குடா எனப்பட்டது. இலங்கையில் திருகோணமலையை அடுத்த கொட்டியாரக்குடா, இச்சொல் 'வளை', 'விரி' என்னும் அடையின்றியே வழங்குவதற்குச் சான்றாகும்.

வளைகுடா, விரிகுடா என்னும் இரண்டும் வினைத்தொகைகள். வளைந்த குடா, வளைகின்ற குடா, வளையும் குடா என முக்காலமும் அவற்றில் மறைந்து நிற்கும். குடாவே வளைவாயின் 'வளை' என்னும் அடை எற்றுக்கு? ஆங்கிலத்தில் இருவகைப் பெயர் வழங்குதலின் தமிழிலும் இரண்டு வேண்டப்பட்டன. கல்ஃப் என்பதற்கு வளைகுடாவும், பே என்பதற்கு விரிகுடாவும் ஈடாயின.

வாய் குறுகி உள்நீண்டது வளைகுடா, வாய் அகன்றது விரிகுடா என வேறுபாடு கூறுவாரும் உளர். பெயர்களோ இவ்வரையறைக்குள் அடங்குவனவல்ல. வங்காள விரிகுடா 20 இலட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்டது, வாயும் அகன்றது, பெயர் பொருந்துகிறது. கனடாவின் ஹட்சன் விரிகுடாவோ குறுகிய நீரிணை வழியே பெருங்கடலைச் சேர்வது. மலேசியத் தீபகற்பத்தின் வடகிழக்கே உள்ள தாய்லாந்து வளைகுடா வாய் அகன்று கிடக்கிறது. காரணம் வெளிப்படை. தமிழ்ப் பெயர் நீரின் வடிவை நோக்கி இடப்பட்டதன்று. ஆங்கிலப் பெயரை நோக்கி இடப்பட்டது.

1982ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் கடற்சட்ட உடன்படிக்கை குடாவுக்கு ஓர் அளவை வகுத்துள்ளது. வாயின் குறுக்கே ஒரு கோடு வரைக. அக்கோட்டை விட்டமாகக் கொண்ட அரைவட்டத்தின் பரப்புக்கு உள்ளிருக்கும் நீர்ப்பரப்புக் குறையாதாயின் அது குடா. குறையுமாயின் அது கரையின் வெறும் வளைவே. இதனைக் கரும்பலகையில் வரைந்து காட்டுதல் எளிது. குடா என்னும் பொதுச்சொல்லை இவ்வாறு விளக்கிய பின், வளைகுடா, விரிகுடா என்னும் பெயர்களை வழக்கெனக் கற்பித்தலே முறையாகும்.

கழி என்பதோ கரையின் வடிவைக் குறிப்பதன்று. புகுந்த நீரைக் குறிப்பது. ஓதம் ஏறுங்கால் கடல்நீர் தாழ்ந்த நிலத்துள் ஓடையாய்ப் புகுந்து பெருகும். இறங்குங்கால் வற்றிச் சேறு தோன்றும். நெய்தல் நில மக்கள் மீன் பிடித்ததும் உப்பு விளைத்ததும் கழியை ஒட்டியே. பேராக்கின் மாத்தாங்கில் கண்டல் மரங்களினூடே கிடக்கும் ஓடைகளைக் கண்ட மாணவனுக்குக் கழி புதுப்பொருளன்று. அவன் அறியாதது பெயர் ஒன்றே.

மணற்றிட்டு இடைநின்று தடுக்க, அதன் உட்புறம் தேங்கிய உவர்நீர் காயல் எனப்படும். கேரளத்து வேம்பநாட்டுக் காயலும் குமரி மாவட்டத்து மணக்குடிக் காயலும் எடுத்துக்காட்டாம். இலங்கைத் தமிழர் இதனைக் களப்பு என்பர். மட்டக்களப்பு என்னும் ஊர்ப்பெயரில் அச்சொல் நிலைத்துள்ளது. ஆறு கடலொடு கலக்குமிடம் கழிமுகம், கயவாய், புகார் எனப் பல பெயர் பெறும். காவிரி கடல் புகும் இடத்து எழுந்த பட்டினம் புகார் என்றே வழங்கிற்று. கொழும்பில் களனியாறு கடலில் விழும் பகுதி இன்றும் முகத்துவாரம் எனப்படுகிறது.

கரை மாறினும் பெயர் நிற்கும். பாண்டியர் துறையாகிய கொற்கை, தாமிரபரணி கொணர்ந்த வண்டலாற் கடலை இழந்தது. பின்னர்க் காயல் துறை சிறப்புற்றது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ அதனைக் குறித்துள்ளார். அதனையும் கடல் கைவிட, இன்று பழையகாயல் என்னும் பெயரே எஞ்சியது.

மலாய் ஊர்ப்பெயர்களும் இத்தகையனவே. சிங்கப்பூரின் தெலுக் ஆயர் தெரு ஒரு காலத்தில் கடற்கரையாய் இருந்தது. 1828க்கும் 1830க்கும் இடையே தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய நாகூர் தர்கா அன்று கடலை நோக்கி நின்றது. அந்நூற்றாண்டின் பிற்பகுதியிற் கடல் தூர்க்கப்பட்டது. இன்று 'தெலுக்' என்னும் சொல்லே கரை இருந்த இடத்தைக் காட்டுகிறது.

தெலுக் என்பதைக் குடா என்றே மொழிபெயர்த்த மாணவன், தெலுக் இந்தானில் கடலைத் தேடி ஏமாறுவான். அவ்வூர் பேராக் ஆற்றின் வளைவில் அமைந்தது. மலாயில் ஆற்று வளைவும் தெலுக்கே. 'குட' என்னும் நம் அடியும் வளைவையே சுட்டுதல் ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது. அவ்வாறே குவாலா என்பது ஆறு கடலையோ மற்றோர் ஆற்றையோ சேருமிடம். கோலசிலாங்கூர் கழிமுகம், கிள்ளான், கோம்பாக் ஆறுகள் சேரும் கோலாலம்பூர் கூடல்.

ஆகவே, கடலோரப் பெயர் எதிர்ப்படுந்தோறும் ஆசிரியர் மாணவரை மூன்று வினாக்கள் வினவலாம். வளைந்தது கரையா? புகுந்தது கடலா? வந்து சேர்வது ஆறா? முதலாவதற்கு விடை குடா, இரண்டாவதற்குக் கழி, மூன்றாவதற்குக் கழிமுகம். புகுந்த நீர் மணலால் அடைபட்டுத் தேங்கின் காயல். இவ்வேறுபாட்டை உணர்ந்த மாணவன் படத்தில் நீல நிறத்தை மட்டும் காணான். நீரின் போக்கையும் காண்பான்.