கூத்தாடுவாரும் கூத்துப் பார்ப்பாரும்

நாடகத்தையே பிழைப்பாகக் கொண்டோர் ஒரு வகையினர். பிழைப்பு வேறாக இருக்க, விருப்பம் ஒன்றினாலே வேடம் புனைவோர் மற்றொரு வகையினர். பின்னவரைப் பயில்முறை நடிகர் என்று கூறுவது இன்றைய வழக்கு. சென்னையிலே பம்மல் சம்பந்த முதலியார் 1891ஆம் ஆண்டில் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்த காலத்திலே, கற்றவரும் உத்தியோகத்தரும் அரிதாரம் பூசி மேடையேறுவது பலர்க்கு வியப்பாகவும் சிலர்க்கு வெறுப்பாகவும் இருந்தது. நாடகம் கூத்தாடிகளுக்கு உரியது, மதிப்புள்ளோர்க்கு ஆகாதது என்ற எண்ணம் அக்காலத்திலே வேரூன்றியிருந்தது.

மட்டக்களப்பு வாவிக்கரையிலே அத்தகைய வியப்புக்கு இடமேயில்லை. பகலெல்லாம் வட்டையிலே சேற்றில் நின்ற ஒருவர் இரவிலே கர்ணனாக நிற்பார். வாவியில் வலை வீசியவர் கண்ணனாக வருவார். அவர்களிடம் சென்று, ‘நீங்கள் பயில்முறை நடிகரா?’ என்று வினவினால் விடை கிடைக்காது; ஏனெனில் அவ்வூர்களிலே வேறு வகை நடிகரே இருந்ததில்லை. ‘இவர் கூத்தாடினவர்’ என்பார்கள். அவ்வளவுதான்.

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே கடலை அடுத்த நிலத்தை எழுவான்கரை என்றும், மேற்கே வயல் விரிந்த நிலத்தைப் படுவான்கரை என்றும் வழங்குவர். கதிரவன் எழும் கரை, படும் கரை. மண்டூர் படுவான்கரையிலே அமைந்த ஊர். நெடுங்காலமாக மக்கள் குருமண்வெளித் துறையிலே பாதை ஏறி, வாவியைக் கடந்து அவ்வூருக்கு வந்து சேர்ந்தனர். பாதை என்றால் மிதவைப் படகு. அப்பகுதியில் அதற்கு அதுவே பெயர். முருகன் கோயிலால் மண்டூர் புகழ் பெற்றது. சின்னக் கதிர்காமம் என்று அடியார் போற்றுவர். புலமைக்கும் அவ்வூர் பேர்பெற்றதே. புலவர்மணி ஏ. பெரியதம்பிப்பிள்ளை பிறந்தது அங்கே. பண்டிதர் வி. சீ. கந்தையா பிறந்ததும் அங்கேதான். 1964ஆம் ஆண்டிலே வெளிவந்த அவருடைய ‘மட்டக்களப்புத் தமிழகம்’ என்னும் நூலைப் புரட்டாமல் மட்டக்களப்பாரின் கூத்தைப் பற்றி எவரும் பேசுதல் இயலாது.

இனி, ஓர் ஊரிலே கூத்து எவ்வாறு உருவாகின்றது என்பதைப் பார்ப்போம்.

பெரும்போக வேளாண்மை வெட்டி, சூடு மிதித்து, நெல் வீடு வந்து சேர்ந்த பின்னர் கைகள் சற்று ஓய்கின்றன. கையிலே பணமும் கொஞ்சம் இருக்கும். ஊர்ப் பெரியோர் கூடி, இவ்வாண்டு கூத்துப் போடுவோம் என்று தீர்மானிப்பர். வெற்றிலை பாக்குடன் அண்ணாவியாரை அழைப்பர். அண்ணாவியார் என்பவர் ஆசிரியர், மத்தளம் வாசிப்பவர், பாட்டு அறிந்தவர், ஆட்டம் அறிந்தவர், சில வேளைகளில் நூலாசிரியரும் அவரே. அவர் இளைஞரை நிற்க வைத்துப் பார்ப்பார். பாடச் சொல்லிக் கேட்பார். உடல் வாட்டமும் குரல் வளமும் நோக்கி, இவர்க்கு இன்ன வேடம் என்று பகுத்துக் கொடுப்பார். இதனையே சட்டம் கொடுத்தல் என்பர். சட்டம் என்பது ஒருவர் பாடவேண்டிய பாட்டும் பேச்சும் அடங்கிய பகுதி. அதனைத் தம் கொப்பியிலே எழுதிக்கொண்டு வீடு செல்லும் இளைஞன், அன்று தொட்டுச் சில மாதங்களுக்கு இரவுத் தூக்கத்தை மறந்துவிட வேண்டியதுதான்.

சட்டம் கொடுக்கும் நாளிலே மனத்தாங்கல்கள் எழுவதும் உண்டு. ஊரிலே பெரிய மனிதரின் மகன் அரச வேடத்தை எதிர்பார்த்திருப்பான். அவனுக்கோ குரல் இராது. அண்ணாவியார் உறுதியுடையவர் ஆயின் கூத்துப் பிழைக்கும். இல்லையேல் அவ்வாண்டு முழுவதும் ஒரு கரகரத்த அருச்சுனனைக் கேட்டுக்கொண்டிருக்கவேண்டி வரும்.

முதலிலே பழக்குவது பாட்டையன்று, காலை. இதற்குத் தாளக்கட்டுப் பழக்குதல் என்று பெயர். அண்ணாவியார் மத்தளத்தை முழக்கிச் சொற்கட்டைச் சொல்ல, ஆடுவோர் வட்டமாக நின்று மிதிப்பர். உலா, வீசாணம், எட்டு, குத்துமிதி, பொடியடி என ஆட்டக் கோலங்கள் பலவுண்டு. நாள் முழுவதும் உழைத்த உடம்பு இதற்கு எளிதிலே இணங்காது. முதற் கிழமையிலே தொடை நோகும், பாதம் கொப்புளிக்கும். இரண்டாம் மாதத்திலே, வரப்பில் நடக்கும்போதும் கால் தானாகத் தாளம் போடத் தொடங்கும். அதன்பின்னரே பாட்டு, ஆடிக்கொண்டே மூச்சு முட்டாமற் பாடுவது ஒரு தனித் தேர்ச்சி. இத்தேர்ச்சியை நூலிலே படித்துப் பெறமுடியாது. பக்கத்தில் நிற்பவன் மூச்சு வாங்கும் இடத்தைக் கவனித்தே கற்றுக்கொள்ள வேண்டும்.

மட்டக்களப்புக் கூத்து வடமோடி, தென்மோடி என இருவகைப்படும். பாரத, இராமாயணப் போர்க் கதைகள் பெரும்பாலும் வடமோடியிலே அமைவன. காதலும் கற்பனையும் மிகுந்த கதைகள் தென்மோடிக்கு உரியன. சு. வித்தியானந்தன் 1962ஆம் ஆண்டிலே பதிப்பித்த ‘அலங்காரரூபன் நாடகம்’ தென்மோடியைச் சார்ந்தது. வடமோடியிலே ஆட்டம் ஓங்கும், தென்மோடியிலே இசை நீளும் என்று பொதுவாகச் சொல்லலாம். எனினும் தென்மோடி ஆட்டம் எளிது என்று எவரும் எண்ணிவிடலாகாது. அதன் நுணுக்கமான தாளக்கட்டுகளே பழகுவோரைப் பெரிதும் சோதிப்பன. ஓர் ஊரார் தத்தம் மோடியே உயர்ந்தது என்று வாதிடுவதைக் கேட்பதும் ஒரு சுவையே.

வடமோடியில் அரசர் அணிவது கரப்புடுப்பு. கோழியை மூடும் கரப்பைப்போல, வளையங்களால் இடுப்பைச் சுற்றி விரிந்து நிற்கும் உடை அது. மேலே கண்ணாடித் துண்டுகள் பதித்த மர அணிகள், தலையிலே கிரீடம், கையிலே வில்லோ வாளோ. இந்தப் பாரத்தைச் சுமந்துகொண்டு சுழன்றாட வேண்டும். தென்மோடியின் உடை பாரம் குறைந்தது. எதுவாயினும் உடைக்கும் ஒப்பனைக்கும் அண்ணாவியாரின் சன்மானத்துக்கும் செலவு உண்டு. அதிற் பெரும்பகுதியை ஆடுவோரே ஏற்பர். காசு வாங்கி ஆடுவதைக் கேள்விப்பட்டிருக்கின்றோம். காசு கொடுத்து ஆடுவது இங்கே!

பழக்கம் ஓரளவு முற்றியதும் சதங்கை அணியும் நாள் வரும். அன்று கால்களிலே சதங்கை ஏறும். இதுவரை தாளம் தவறினால் அண்ணாவியார் ஒருவரே அறிவார். இனி ஊரே அறியும். அதன்பின் அடுக்குப் பார்த்தல். அதாவது கூத்து முழுவதையும் முறையாக ஆடிப் பார்த்தல். இறுதியிலே அரங்கேற்றம்.

அரங்கு என்று நாம் கூறுவதை அவர்கள் களரி என்பர். வெட்டவெளியிலே மண்ணை உயர்த்தி வட்டமாக அமைத்து, மேலே வெள்ளை கட்டுவர். நடுவிலே அண்ணாவியாரும், சல்லரி போடுபவரும், ஏடு பார்ப்பவரும், பிற்பாட்டுக்காரரும் நிற்பர். அவர்களைச் சுற்றிக் கூத்தர் ஆடுவர். கூத்தரைச் சுற்றி நாற்புறமும் மக்கள். முன்பு தீப்பந்தம், பின்பு பெற்றோமாக்ஸ், இன்று மின்விளக்கு. விளக்கு மாறினும் வட்டம் மாறவில்லை. இரவு தொடங்கும் கூத்து விடியும்வரை நிகழும்.

ஆடுவோரைப் பற்றியே பேசினோம். பார்ப்போரைப் பற்றிப் பேசாவிடின் பாதி விடயம் விடுபட்டுவிடும். பாயும் தலையணையும் வெற்றிலைப் பெட்டியும் கொண்டு வந்து இடம் பிடிக்கும் அவர்கள் எளிதிலே ஏமாறுவோர் அல்லர். கர்ணன் இறப்பான் என்பது தொட்டிலிற் கிடக்கும் பிள்ளை தவிர மற்றெல்லார்க்கும் தெரியும். எனவே ‘அடுத்து என்ன?’ என்று அறிய அவர்கள் வருவதில்லை. இந்தக் கர்ணன் எப்படி இறக்கின்றான் என்று பார்க்கவே வருகின்றார்கள். சென்ற முறை ஆடியவரின் வரவுத் தருவோடு இவருடைய வரவை ஒப்பிடுவார்கள். முன்னே ஆடி ஓய்ந்த முதியவர் ஒருவர் வாய்க்குள்ளேயே பாடிக்கொண்டிருப்பார். களரியிலே நிற்பவன் ஒரு சொல்லை விழுங்கினால் அவர் தலை நிமிரும். அத்தலை நிமிர்வதைக் கண்டு அஞ்சாத கூத்தன் இல்லை. நள்ளிரவுக்குப் பின் பாதிப்பேர் உறங்குவர். தாய்மார் குறிப்பிட்ட கட்டம் வந்ததும் பிள்ளைகளை எழுப்பிக் காட்டுவர். உறங்கி விழித்துக் காண்பதும் இக்கலையை நுகரும் முறைகளில் ஒன்று என்பதே என் கருத்து.

வட்டக்களரியிலே மற்றொன்றும் உண்டு. நகரத்து மண்டபத்திலே பார்ப்பவர் இருளில் இருக்கின்றார். முன்னாலிருப்பவரின் பிடரியே அவருக்குத் தெரிகின்றது. களரியிலோ ஆட்டத்துக்கு அப்பால் எதிர்ப்புறத்து மக்களின் முகம் தெரிகின்றது. அழுவோரை அழாதோர் காண்கின்றனர். ஆடுபவன் தமையனாகவோ மருமகனாகவோ அயலானாகவோ இருக்கின்றான்.

இவ்வளவும் கூறிய பின் குறைகளை மறைத்தல் நேர்மையாகாது. ஊரில் நிலவிய சாதி ஏற்றத்தாழ்வுகள் களரியின் ஓரத்திலே நின்றுவிடவில்லை. யார் யாரோடு சேர்ந்து ஆடலாம் என்பது வரை அவை புகுந்தன. வெள்ளை கட்டுவோரும் பறை முழக்குவோரும் இல்லாமல் எச்சடங்கும் நடவாத ஊர்களிலே, அவர்களுக்குச் சட்டம் கொடுக்கும் வழக்கம் இருக்கவில்லை. பெண் வேடத்தை ஆண்களே பூண்டனர். பெண்கள் பார்வையாளராகவே இருந்தனர். பழமை என்பதற்காக இவற்றையும் சேர்த்துப் பேணவேண்டும் என்று கூறுவோருடன் நான் உடன்படுவதற்கில்லை.

நகரத்தார் கண் இக்கலையின்மீது விழுந்தது ஒரு சிங்கள நாடகத்தின் வாயிலாக என்பது குறிப்பிடத்தக்கது. 1956ஆம் ஆண்டிலே எதிரிவீர சரச்சந்திரர் ‘மனமே’ நாடகத்தை அரங்கேற்றினார். சிங்கள நாடகம் என்னும் பழைய மரபிலிருந்து அவர் அதனை ஆக்கினார். அம்மரபோ தமிழ்க் கூத்தின் தொடர்புடையது. ‘நம்மிடம் உள்ளதை நாம் ஏன் கவனிக்கவில்லை?’ என்ற கேள்வி தமிழறிஞரிடையே எழுந்தது. பேராதனைப் பல்கலைக்கழகத்திலே சு. வித்தியானந்தன் மாணவரைக் கொண்டு 1962இல் ‘கர்ணன் போர்’ கூத்தை மேடையேற்றினார். பழக்கியவர் வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியார். ‘நொண்டி நாடகம்’, ‘இராவணேசன்’, ‘வாலிவதை’ என்பன தொடர்ந்தன. இராவணனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு பின்னாளிலே பேராசிரியராகி, மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களை ஆராய்ந்து நூலும் எழுதினார்.

இதனால் விளைந்த நன்மை பெரிது. கற்றோர் கூத்தை இகழும் காலம் முடிந்தது. பல்கலைக்கழக மேடைகளிலே மாணவியரும் ஆடினர். ஆயினும் இரவு முழுவதும் நிகழ்ந்த கூத்து ஓரிரு மணிநேரத்துக்குச் சுருங்கியது. வட்டம் படச்சட்ட மேடையாகியது. சுருங்கிய வடிவத்தையும் நல்ல நாடகம் என்றே நான் மதிக்கின்றேன். அதனைக் காட்டி, ஊர்க்காரர் ஆடுவது செப்பமற்றது என்று சொல்லும்போதுதான் வழக்குத் தொடங்குகின்றது. மேடை நாடகம் சில கலைஞரை ஆக்கும். களரியோ ஒரு பருவத்துக்கு ஓர் ஊரையே தாளம் அறிந்ததாக்கிவிடும்; அடுத்த கூத்தின் பார்வையாளர் அங்கிருந்தே வருகின்றனர்.

1978ஆம் ஆண்டு கார்த்திகை மாதத்துச் சூறாவளி மட்டக்களப்பைக் குலைத்தது. அதன்பின் வந்த போர்க்காலத்திலே இரவிற் கூடுவதே அச்சத்துக்குரியதாயிற்று. போர் ஓய்ந்த பின்னர் மற்றொரு தடை தோன்றியது. சட்டம் வாங்கவேண்டிய வயதினர் பலர் மத்திய கிழக்கு நாடுகளுக்கு வேலை தேடிச் சென்றுவிட்டனர். ஒரு வேடக்காரன் புறப்பட்டுவிட்டால் எல்லாருடைய பழக்கமும் குலையும். அப்படியிருந்தும் படுவான்கரை ஊர்களில் இன்றும் களரி அமைகின்றது. பெண்களையும் சிறுவரையும் சேர்த்து, பழைய கதைகளின் அநீதியான பகுதிகளை ஊராரோடு கலந்து பேசித் திருத்தி ஆடும் முயற்சியைச் சீலாமுனையிலே சி. ஜெயசங்கர் முதலியோர் மேற்கொண்டனர். கூத்து மீளுருவாக்கம் என்பது அதற்குப் பெயர். அது குறித்துக் கடுமையான விவாதமும் நடந்தது. கூத்தைப் பற்றிச் சண்டையிட மக்கள் இருக்கின்றார்கள் என்பது எனக்கு மகிழ்ச்சியே.

அரங்கேற்றத்துக்குப் பின் கூத்தர் வீடு வீடாகச் சென்று சிறிது ஆடி, அன்பளிப்புப் பெறுவர். பின்னர் சதங்கை கழலும். அரசர் வயலுக்குத் திரும்புவர். சட்டம் எழுதிய கொப்பி மட்டும் வீட்டுப் பெட்டியிலே எஞ்சும். அதிலே ஒரு வேடத்துக்குரிய பாட்டுகளே இருக்கும். தனியே எடுத்துப் படித்தால் கதை விளங்காது. அத்தகைய கொப்பி எவர் வீட்டிலேனும் இருக்குமாயின், அக்கூத்தில் உடனாடியவர் இல்லங்களையும் நாடி, மற்றைக் கொப்பிகளையும் கேட்டுப் பார்க்கலாம். அண்ணாவியாரின் ஏடு கறையானுக்கு இரையாகிவிட்ட ஊரிலே, நாடகம் அப்பெட்டிகளிலே பிரிந்து கிடக்கின்றது.