ஸ்ட்ராடிவாரியின் பட்டறை

வயலினின் எஃப் வடிவத் துளை வழியே உள்ளே எட்டிப் பார்த்தால், அடிப்பலகையில் ஒட்டிய ஒரு சிறு காகிதச் சீட்டு தெரியும். செய்தவர் பெயர், ஊர், ஆண்டு. இத்தாலியின் கிரெமோனா நகரத்து அந்தோனியோ ஸ்ட்ராடிவாரி, கடைசிக் காலத்துச் சீட்டுகள் சிலவற்றில் தன் வயதையும் எழுதி வைத்தார். தொண்ணூறு தாண்டியும் உளி பிடிக்கிறேன் என்று ஊரறியச் சொல்லும் பெருமையாக இருக்கலாம். அவருடைய பிறப்புப் பதிவு கிடைக்கவில்லை. 1644 வாக்கில் பிறந்தார் என்று நாம் சொல்வதே அந்தச் சீட்டுகளை வைத்துப் போட்ட கணக்குதான்.

அவர் பெயரோடு கிடைத்த முதல் வயலின் 1666ஆம் ஆண்டைச் சேர்ந்தது. 1737 டிசம்பரில் இறந்தார். இடைப்பட்ட 71 ஆண்டுகளில் அந்தப் பட்டறையிலிருந்து சுமார் 1,100 வாத்தியங்கள் வெளிவந்திருக்கும் என்பது மதிப்பீடு; ஏறத்தாழ 650 இன்றும் இருக்கின்றன. அவற்றில் ‘லேடி பிளண்ட்’ என்ற வயலின் 2011இல் 1.59 கோடி டாலருக்கு ஏலம் போனது. விலையைப் பற்றிப் பேசினால் பேச்சு அதிலேயே நின்றுவிடும். பொருளுக்கு வருவோம்.

வயலின் என்பது எழுபதுக்கும் மேற்பட்ட மரத் துண்டுகளைச் சேர்த்துச் செய்த வெற்றுப் பெட்டி. எடை அரை கிலோவுக்கும் குறைவு. நான்கு தந்திகளும் சேர்ந்து அதை இழுக்கிற இழுப்போ இருபது கிலோவுக்கு மேல். மேல்பலகை ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரம்; லேசானது, ஆனால் நார்வாக்கில் விறைப்பானது. ஆல்ப்ஸ் மலைச் சரிவில் குளிரில் மெதுவாக வளர்ந்த மரமாக இருந்தால் வளையங்கள் நெருக்கமாக இருக்கும். அடிப்பலகையும் பக்கவாட்டுப் பட்டைகளும் மேப்பிள்.

ஸ்ட்ராடிவாரி முதலில் எடுப்பது மரத்தால் ஆன உள் அச்சை. பக்கவாட்டுப் பட்டை ஒரு மில்லிமீட்டர் கனம்தான். அதைச் சூடான இரும்பில் வைத்து வளைத்து, அச்சைச் சுற்றி மூலைக்கட்டைகளோடு ஒட்ட வேண்டும். சூடு கொஞ்சம் ஏறினால் கருகும், குறைந்தால் முறியும். ஒட்டுவது விலங்குத் தோலைக் காய்ச்சி எடுத்த வச்சிரம். ஈரச்சூடு பட்டால் இந்தப் பசை விட்டுக்கொடுக்கும். அது குறையல்ல. பிற்காலத்தில் யாராவது பெட்டியைத் திறந்து பழுது பார்க்க வேண்டுமானால், மரத்தை உடைக்காமல் திறக்க வழி இருக்க வேண்டுமே! முன்னூறு ஆண்டுகளாக இந்த வாத்தியங்கள் உயிரோடிருப்பதில் பாதிப் புண்ணியம் வச்சிரத்துக்கு என்பேன்.

மேல்பலகையின் மேடு வளைத்துச் செய்ததல்ல. கனத்த கட்டையிலிருந்து குடைந்தெடுத்தது. குழி உளியால் கரடாக வெட்டி, விரல்நுனி அளவு இழைப்புளியால் சீவி, கடைசியில் எஃகுத் தகட்டால் சுரண்டி, மூன்று மில்லிமீட்டருக்குக் கீழே கொண்டுவர வேண்டும். அடிப்பலகை நடுவில் தடிமனாகவும் ஓரம் போகப் போக மெலிந்தும் இருக்கும். எங்கே நிறுத்துவது என்பதைக் கைதான் சொல்லும்: வளைத்துப் பார்க்க வேண்டும், தட்டிக் கேட்க வேண்டும். விளிம்பை ஒட்டி ஓடும் கறுப்பு வெள்ளைக் கறுப்புக் கோட்டைப் பலர் பெயின்ட் என்று நினைக்கிறார்கள். பலகையில் பள்ளம் கீறி, மூன்று மரச் சீவல்களைச் சேர்த்துப் பதித்தது அது. ஓரத்தில் விழும் விரிசல் உள்ளே ஓடாமல் அங்கேயே நிற்க இந்த வேலை.

தந்தி தானாக அசைக்கும் காற்று சொற்பம். வில்லில் பூசிய குங்கிலியம் தந்தியைப் பற்றும், விடும், மறுபடி பற்றும். ஒரு நொடியில் நூற்றுக்கணக்கான முறை. அந்த அதிர்வு, தந்திகளைத் தாங்கும் மரத் துண்டான குதிரை வழியாக மேல்பலகைக்கு இறங்குகிறது. குதிரையின் ஒரு காலுக்கு அருகே, பெட்டிக்குள், மேலுக்கும் கீழுக்கும் இடையில் ஒரு சிறு மரக்குச்சி நிற்கிறது. பசை கிடையாது, அழுத்தத்தில்தான் நிற்கும். அந்தக் கால் அசைய முடியாததால் மறுகால் மேல்பலகையைப் பிடித்து ஆட்டுகிறது. மொத்தப் பெட்டியும் மூச்சு விடத் தொடங்குகிறது. இந்தக் குச்சியை ஒரு மில்லிமீட்டர் நகர்த்தினாலே தொனி மாறும் என்பது வித்வான்கள் எல்லோருக்கும் தெரியும்.

இவற்றில் எதையும் ஸ்ட்ராடிவாரி கண்டுபிடிக்கவில்லை. அவர் பிறப்பதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே கிரெமோனாவில் அமாட்டி குடும்பம் வயலினுக்கு உருவம் கொடுத்துவிட்டது. அவருடைய 1666ஆம் ஆண்டுச் சீட்டு அவரை நிக்கோலோ அமாட்டியின் மாணவர் என்கிறது. அவர் செய்தது விடாமல் மாற்றிப் பார்த்தது. 1690களில் உடலை நீளமாக்கினார். சில ஆண்டுகளில் அதைக் கைவிட்டார். மேட்டைத் தட்டையாக்கினார். 1700 முதல் 1725 வரை வந்தவற்றைத்தான் உலகம் பொற்காலம் என்கிறது. தொடங்கும்போதே அவருக்கு வயது ஐம்பத்தாறு!

அந்தப் பட்டறை அவர் வீட்டிலேயே இருந்தது. 1667இல் பிரான்செஸ்கா என்ற விதவையை மணந்தார். 1680இல் சான் டொமினிக்கோ சதுக்கத்தில் வீடு வாங்கினார். வார்னிஷ் பூசிய வயலின்கள் மேல்மாடியில் காற்றில் தொங்கின. 1708இல் வாடிக்கையாளர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், தாமதத்துக்கு வார்னிஷைக் காரணம் காட்டி மன்னிப்புக் கேட்கிறார். எந்த ஊர்த் தச்சரும் சொல்லும் சாக்குதான், ஆனால் இவர் சொன்னது உண்மையாக இருந்திருக்கும். 1698இல் மனைவி இறந்தபோது ஆடம்பரமாக அடக்கம் செய்தார். அதன் செலவுக் கணக்கு இன்றும் இருக்கிறது. மறு ஆண்டு அந்தோனியா சாம்பெல்லியை மணந்தார். இரண்டு மனைவியருக்குமாகப் பதினொரு குழந்தைகள்.

அவர் வயலின்களின் தொனிக்கு அந்த வார்னிஷில்தான் ரகசியம் என்று இரண்டு நூற்றாண்டுகளாகத் தேடினார்கள். 2009இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் நுண்துகள்களை எடுத்துப் பார்த்ததில் அகப்பட்டது உலரும் எண்ணெய், பைன் பிசின், கொஞ்சம் நிறமி. அந்தக் கால ஓவியர்களிடம் இருந்த அதே சரக்கு. குளிர் மிகுந்த ஆண்டுகளில் வளர்ந்த மரம்தான் காரணம் என்பது இன்னொரு கட்சி. அதே மரத்தை மற்றவர்களும் வாங்கினார்களே என்று கேட்டால் பதில் இல்லை. 2012இல் பாரிஸ் அருகே பத்துத் தனிக்கச்சேரிக் கலைஞர்களுக்கு, அடையாளம் தெரியாதபடி கறுப்புக் கண்ணாடி மாட்டிப் பழைய, புதிய வயலின்களைக் கொடுத்தார்கள். ஆறு பேர் தேர்ந்தெடுத்தது புதியதை. தவிர, இன்று மேடையில் ஒலிக்கும் ஸ்ட்ராடிவாரி அவர் கையிலிருந்து வந்தபடியே இருப்பதும் இல்லை. பெரிய அரங்குகளுக்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கழுத்தை நீட்டிச் சாய்த்தார்கள், உள்ளே ஒட்டிய தாங்குசட்டத்தை மாற்றினார்கள். பாலுஸ்வாமி தீட்சிதர் வயலினைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்த காலமும் ஏறக்குறைய அதுதான்.

எனக்கு ரகசியத்தைவிட அவர் மகன்களிடம்தான் கண் போகிறது. மூத்தவர் பிரான்செஸ்கோ, இன்னொருவர் ஓமோபோனோ. இருவரும் மணம் செய்துகொள்ளவில்லை, அப்பாவின் பட்டறையிலேயே காலம் தள்ளினார்கள். ஓமோபோனோ இளமையில் ஒருமுறை நேப்பிள்ஸுக்குப் போய் இருந்துவிட்டு வந்தார். அந்தச் செலவை அப்பா மறக்கவில்லை. 1729இல் எழுதிய உயிலில் அதைக் குறிப்பிட்டு, அவர் பங்கிலிருந்து கழித்தார். பட்டறையின் சொத்தில் பெரும்பங்கு பிரான்செஸ்கோவுக்கு. அந்த ஆண்டே தனக்கும் குடும்பத்துக்கும் கல்லறையும் வாங்கிவிட்டார். வேறொரு குடும்பத்தின் பழைய கல்லறை.

அப்பா இறந்து ஐந்தாறு ஆண்டுகளில் இரு மகன்களும் போய்விட்டார்கள். பிரான்செஸ்கோவுக்கு அப்போது எழுபது தாண்டியிருந்தது. சொந்தப் பெயரில் அவர்கள் சீட்டு ஒட்டிய வயலின்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. கடைசி மகன் பாவ்லோ துணி வியாபாரி; அவரிடமிருந்தும் அவர் குடும்பத்திடமிருந்தும் 1775, 76இல் கோசியோ என்ற பிரபு மிச்சமிருந்த வயலின்களையும் அச்சுகளையும் கருவிகளையும் வாங்கினார். அந்த அச்சுகள் இப்போது கிரெமோனா வயலின் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. உலகெங்கும் வயலின் செய்கிறவர்கள் பலர் அவற்றின் அளவை வைத்துத்தான் கோடு போடுகிறார்கள்.

1730களின் வயலின்களை வைத்துக்கொண்டு நிபுணர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். எஃப் துளையின் வெட்டு நடுங்கினால் கிழவர் கை. கழுத்தின் நுனியில் இருக்கும் சுருளின் செதுக்கு வேறு மாதிரி இருந்தால் பிரான்செஸ்கோ. சில பலகைகளில் ஓமோபோனோ. மரத்தின் வளையங்களை எண்ணினால் மரம் எந்த ஆண்டு வரை வளர்ந்தது என்பது தெரிகிறது, செதுக்கியது யார் என்பது தெரிவதில்லை. சீட்டில் இருப்பது அப்பாவின் பெயர் மட்டும்.