பத்தாண்டுத் தூக்கம், நொடிப்பொழுது விழிப்பு

உங்கள் வீட்டுக் கூரையில் வட்டமான தீ எச்சரிக்கைக் கருவி பொருத்தப்பட்டுள்ளதா? சிங்கப்பூரில் 2018 ஜூன் 1 முதல் புதிய வீடுகள் அனைத்திலும் இது கட்டாயம். இவற்றில் பல, ஒரே மின்கலனில் பத்தாண்டு இயங்குபவை. அது எப்படி முடிகிறது?

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். மின்கலனின் கொள்ளளவு 1,200 மில்லிஆம்பியர்-மணி என்று கொள்வோம். உள்ளே இருக்கும் நுண்செயலி இடைவிடாமல் 2 மில்லிஆம்பியர் மின்னோட்டத்தை இழுத்தால், 600 மணி நேரத்தில், அதாவது 25 நாள்களில், மின்கலன் தீர்ந்துவிடும். பத்தாண்டு தாங்க வேண்டுமானால், சராசரிச் செலவு 14 மைக்ரோஆம்பியருக்குள் அடங்க வேண்டும்.

அதனால் நுண்செயலி பெரும்பாலும் உறங்குகிறது. சில விநாடிகளுக்கு ஒருமுறை விழித்து, அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சி, புகைத்துகள்களில் பட்டு அது சிதறுகிறதா என்று பார்த்துவிட்டு மீண்டும் உறங்குகிறது. நேரம் தவறாமல் எழுப்புவதற்கு ஒரு சிறு கடிகாரச் சுற்று மட்டும் விழித்திருக்கும்.

உறக்கத்திலும் படிகள் உண்டு. லேசான உறக்கத்தில் கடிகாரத் துடிப்பு மட்டும் நிற்கும். அடுத்த படியில், நினைவகத்தில் உள்ளவை அழியாத அளவுக்கு உள் மின்னழுத்தமும் குறைக்கப்படும். மிக ஆழ்ந்த உறக்கத்தில் நினைவகத்துக்கும் மின்சாரம் இல்லை. விழித்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். உறக்கம் ஆழமாக ஆழமாக, விழிக்கும் நேரமும் கூடும்.

மின்னழுத்தத்தைக் குறைப்பது ஏன்? இயங்கும் சுற்றின் மின்செலவு மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும். 1.2 வோல்ட்டை 0.9 ஆக்கினால், அதே வேகத்தில் செலவு ஏறக்குறைய 44 விழுக்காடு குறையும். ஓய்வில் கசியும் மின்னோட்டமும் குறையும்.

ஆனால் குறைந்த மின்னழுத்தத்தில் டிரான்சிஸ்டர்கள் மெதுவாகவே இயங்கும். ஆகவே வரிசை முக்கியம். இறங்கும்போது முதலில் வேகம், பிறகு மின்னழுத்தம். ஏறும்போது முதலில் மின்னழுத்தம். அது நிலைபெற்ற பிறகே வேகம். வரிசை மாறினால் நுண்செயலி தவறாகக் கணக்கிடலாம், உறைந்தும் போகலாம். புகை சூழும் இரவில் அது உயிருக்கே ஆபத்து.

மின்கலன் தளர்ந்துவிட்டால், நுண்செயலி அதை அளந்தறிந்து அவ்வப்போது ‘கீச்’ என ஒலி எழுப்பும். தொல்லையாக இருக்கிறதே என்று மின்கலனைக் கழற்றி வைத்துவிடாதீர்கள். உடனே மின்கலனை மாற்றுங்கள். மாற்ற முடியாத வகையென்றால் கருவியையே மாற்றுங்கள்.